கரண்ட் வந்த பிறகு 14 ஐபி போனுக்கு சரியான முகவரி வரல, புதுப் போன்தான் பழுதா?

பேட்ச்_பேனல்_ராணிப்பேட்டை | புதன், காலை 10:40

வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகம். மொத்தம் 46 ஐபி போன். அமைப்பு இதுதான்:

கோர்ல, அதாவது எல்லாத்தையும் இணைக்கிற நடு இடத்துல, ஒரு லேயர் 3 ஸ்விட்ச். கீழ்த்தளத்துல ஒரு 24 போர்ட் பிஓஇ ஸ்விட்ச் (நெட் கேபிள்லயே போனுக்குக் கரண்டும் கொடுக்கும்), மாடியில ஒண்ணு. பேக்கிங் பிரிவுல மட்டும் சாதா 8 போர்ட் ஸ்விட்ச், அங்க 4 போன் அடாப்டர்ல ஓடுது. அதே கேபிள்லயே தனித்தனி நெட்வொர்க்கா (வீலேன்) பிரிச்சிருக்கு: கம்ப்யூட்டர் எல்லாம் வீலேன் 10 (192.168.10.0/24), போன் எல்லாம் வீலேன் 20 (192.168.20.0/24). டிஹெச்சிபி (ஐபி முகவரியைத் தானா பங்கிடுறது) கொடுக்கிறது விண்டோஸ் சர்வர், அது வீலேன் 10-ல இருக்கு. போன் ஸ்கோப் (கொடுக்கிற முகவரி வரம்பு) 192.168.20.10 முதல் 192.168.20.60 வரை. லீஸ் (ஒரு போன் முகவரியை வெச்சுக்கிற) காலத்தைத் தொடவே இல்ல, 8 நாள். பிபிஎக்ஸ் (அலுவலக டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்) முகவரி 192.168.20.5. போனுக்கு வீலேன் எண் எல்எல்டிபி (ஸ்விட்ச் பக்கத்துல மாட்டின சாதனத்துக்குத் தன் விவரம் சொல்ற முறை) வழியா போகுது. பேக்கிங் போனுக்கு மட்டும் வீலேன் 10 ஸ்கோப்ல ஆப்ஷன் 132 (டிஹெச்சிபி பதிலோட போற வீலேன் எண்) போட்டு 20-ன்னு சொல்லியிருக்கு.

நேத்து மின்வாரிய மாதாந்திர பராமரிப்பு, காலையிலிருந்து கரண்ட் இல்ல. அந்த நேரத்தைப் பயன்படுத்தி 12 பழைய போனைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டினோம். சாயங்காலம் கரண்ட் வந்ததும்:

புதுப் போன் 12-ல 5 நல்லா வேலை செய்யுது, 7-க்கு ஐபி வரல. 0.0.0.0-ன்னே நிக்குது.
மாடி ஸ்விட்ச்ல 17, 18, 19 போர்ட்ல இருக்கிற 3 பழைய போனுக்கும் ஐபி வரல. ஆனா அந்த போன் வழியா போற கம்ப்யூட்டருக்கு நெட் வருது.
பேக்கிங்ல 4 போனும் 192.168.0.101, 102-ன்னு எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத முகவரி எடுத்திருக்கு. பிபிஎக்ஸ்ல ரிஜிஸ்டர் ஆகல.

வேலை செய்யாத புதுப் போனைக் கொண்டுபோய் பழைய போன் இருந்த போர்ட்ல மாட்டினேன், அங்கயும் வரல. அந்தப் பழைய போனை இங்க மாட்டினா உடனே வருது. அப்போ 7 போன் பழுதுன்னுதானே அர்த்தம்? கடைக்காரர் மாத்தித் தரேன்னு சொல்றார். திருப்பி அனுப்பிடலாமா?

---

காட்பாடி_ஜங்ஷன் | காலை 11:05

போர்ட்ஃபாஸ்ட் (போர்ட்டைக் காக்க வைக்காம உடனே ஓட விடுற அமைப்பு) போட்டிருக்கீங்களா சார்? பழைய ஸ்பானிங் ட்ரீயில (ஸ்விட்ச்ல பாக்கெட் சுத்திச் சுத்தி வராம தடுக்கிறது) போர்ட் மேலே வந்ததும் லிசனிங் 15 வினாடி, லேர்னிங் 15 வினாடி, மொத்தம் 30 வினாடி எதையும் கடத்தாது. போன் அனுப்புற முதல் டிஸ்கவர் (முகவரி கேட்கிற பாக்கெட்) எல்லாம் அதுலயே செத்துப்போகும். போன் மாட்டுற எல்லா போர்ட்லயும் எட்ஜ் போர்ட்டா மாத்திட்டு ரீபூட் பண்ணிப் பாருங்க.

---

பாலாறு_பாக்கெட் | மதியம் 12:20

போர்ட்ஃபாஸ்ட் போடுறது நல்லதுதான், ஆனா இது அந்த நோய் இல்ல. டிஹெச்சிபி கிளையன்ட் ஒரு தடவை கேட்டுட்டுச் சும்மா இருக்காது. 4, 8, 16, 32, 64 வினாடின்னு இடைவெளியைக் கூட்டிக்கிட்டே திரும்பக் கேட்கும். 30 வினாடி அடைபட்டாலும் அடுத்த ஒரு நிமிஷத்துல கிடைச்சிடணும். நேத்து சாயங்காலத்திலிருந்து இன்னைக்குக் காலை வரைக்கும் 0.0.0.0-ல நிக்காது.

பேட்ச் பேனல் சார், போனைத் திருப்பி அனுப்பாதீங்க. உங்க பதிவுலயே பதில் இருக்கு, கூட்டிப் பாருங்க.

192.168.20.10 முதல் 60 வரை, ரெண்டு முனையும் சேர்த்து 51 முகவரி. நேத்து வரைக்கும் 46 போன், 46 லீஸ். மிச்சம் 5. நீங்க கழட்டி வெச்ச 12 போனோட லீஸ் கழட்டினதும் போயிடாது. போன் பெட்டிக்குள்ள தூங்கினாலும் சர்வர் கணக்குல அது உயிரோட இருக்கு. புது 12 போனுக்கு புது மேக் முகவரி (ஒவ்வொரு சாதனத்துக்கும் இருக்கிற தனி எண்), அதனால 12 புது லீஸ் வேணும். 46 கூட்டல் 12, மொத்தம் 58. இருக்கிறது 51. முதல்ல கேட்ட 5 போனுக்குக் கிடைச்சுது, பின்னால வந்த 7-க்கு இல்ல. உங்க எண்ணிக்கை அப்படியே பொருந்துது.

போனை இடம் மாத்திப் பார்த்த சோதனை ஏமாத்தினதும் இதனாலதான். பழைய போனுக்கு அதோட மேக் பேர்ல லீஸ் இருக்கு, எந்த போர்ட்ல மாட்டினாலும் அதே முகவரியை வாங்கிக்கும். புதுசுக்கு எங்க போனாலும் பூல் (ஸ்கோப்ல கொடுக்க இருக்கிற முகவரிக் கூட்டம்) காலி. நீரில்லா ஆறு, அரசனில்லா கோட்டைன்னு நம்ம வேலூரைச் சொல்லுவாங்களே, அந்த வரிசையில முகவரியில்லா ஸ்கோப்பையும் சேர்த்துக்கலாம்.

நம்பிக்கை வரலேன்னா ஒரு லேப்டாப் எடுங்க. ஒரு போர்ட்டை வெறும் வீலேன் 20 ஆக்சஸ் போர்ட்டா மாத்தி அதுல மாட்டுங்க. லேப்டாப்புக்கும் வராது, 169.254-ல ஆரம்பிக்கிற முகவரியைத் தானே போட்டுக்கிட்டு நிக்கும். அப்போ போன் மேல பழி போட வழியில்ல.

சர்வர்ல எங்க பாக்கணும்னா: டிஹெச்சிபி கன்சோல்ல வீலேன் 20 ஸ்கோப் மேல ரைட் கிளிக், டிஸ்ப்ளே ஸ்டாட்டிஸ்டிக்ஸ். அவைலபிள் 0-ன்னு இருந்தா முடிஞ்சுது கதை. ஈவன்ட் வியூவர்ல 1063-ன்னு எண் இருக்கும், கொடுக்க முகவரி இல்லேன்னு அர்த்தம். இன்னும் தெளிவா வேணும்னா விண்டோஸ் ஃபோல்டர், உள்ள சிஸ்டம்32, உள்ள டிஹெச்சிபி. அங்க நாளுக்கு ஒண்ணா ஆடிட் லாக் கோப்பு இருக்கும். நேத்து கோப்பைத் திறந்து ஒவ்வொரு வரியோட முதல் எண்ணைப் பாருங்க. 10-ன்னா புது லீஸ், 11-ன்னா புதுப்பிச்சது, 14-ன்னா பூல் தீர்ந்ததால கொடுக்க முடியல. உங்க கோப்புல 14 வரிசையா நிக்கும்.

காத்திருந்தா சரியாகுமான்னு கேட்டா, ஆகும், ஆனா சீக்கிரம் இல்ல. போன் லீஸ்ல பாதி காலம் ஆனதும், அதாவது 4-வது நாள், புதுப்பிக்கும். அதனால கழட்டின நேரத்துல ஒவ்வொரு பழைய போனுக்கும் 4 முதல் 8 நாள் வரைக்கும் மிச்சம் இருந்திருக்கும். அதுக்கு மேல விண்டோஸ் சர்வர் 4 மணி நேரம் சலுகை வேற கொடுக்கும்.

செய்ய வேண்டியது: ஸ்கோப் ப்ராப்பர்ட்டீஸ்ல கடைசி முகவரியை 60-லிருந்து 200 ஆக்குங்க. அதே 255.255.255.0 மாஸ்குக்குள்ள இருக்கிறதால ஸ்கோப்பை அழிச்சுத் திரும்பப் போட வேண்டியதில்ல. அதுக்கு முன்னாடி 61 முதல் 200 வரைக்கும் யாராவது கையால முகவரி போட்டு வெச்சிருக்காங்களான்னு பிங் அடிச்சுப் பாருங்க, இதை விட்டுடாதீங்க. அப்புறம் கழட்டின 12 போனோட அடியில ஒட்டியிருக்கிற மேக் முகவரியைப் பார்த்து அந்த 12 லீஸை மட்டும் அழிங்க. ஓடுற போனோட லீஸைத் தவறி அழிச்சா அதே முகவரி இன்னொரு போனுக்குப் போயிடும், ரெண்டும் முட்டிக்கும்.

லீஸ் காலத்தை ஒரு நாளா குறைங்கன்னு சிலர் சொல்லுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. சனிக்கிழமை சாயங்காலம் சர்வர் படுத்தா திங்கக்கிழமை காலையில ஆபீஸ் திறக்கிறப்போ ஒரு போன்கூட ஓடாது. 3 நாள் வைங்க. முகவரி 191 இருக்கு, கஞ்சத்தனம் வேண்டாம்.

அடுத்தது 17, 18, 19. இந்த மூணும் பழைய போன், லீஸ் சர்வர்ல இருக்கும், பூல் பிரச்சனை இல்ல. வேலை செய்யுற வேற ஒரு போனை 17-ல மாட்டிப் பாருங்க. அதுவும் நின்னுட்டா போர்ட்தான் குற்றவாளி. கம்ப்யூட்டருக்கு நெட் வருதுன்னா கேபிள் சரி, டேக் (பாக்கெட்ல ஒட்டுற வீலேன் எண்) இல்லாத வீலேன் 10 சரி. டேக் போட்ட வீலேன் 20 மட்டும் அந்த போர்ட்ல இல்ல. என் ஊகம், எப்பவோ இந்த மூணு போர்ட்ல வாய்ஸ் வீலேன் (போனுக்கான 20) சேர்த்தவர் ரைட் மெமரி (கான்ஃபிக்கைச் சேமிக்கிற கட்டளை) அடிக்க மறந்திருக்கார். கரண்ட் போற வரைக்கும் ஓடியிருக்கும். ஸ்விட்ச் அணைஞ்சு எழுந்ததும் சேமிச்ச பழைய கான்ஃபிக்குக்குப் போயிடுச்சு. 16-வது போர்ட்டோட கான்ஃபிக்கையும் 17-வது போர்ட்டோடதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. சேர்த்ததும் சேமிங்க.

---

சத்துவாச்சாரி_ரேக் | மதியம் 2:15

பேக்கிங் 4 போனை நான் எடுத்துக்கிறேன்.

192.168.0.101-ன்னு வருதுன்னா உங்க சர்வர் இல்லாம வேற ஒண்ணு முகவரி பங்கிட்டுக்கிட்டு இருக்கு. பெரும்பாலும் யாரோ மொபைலுக்கு வைஃபை வேணும்னு வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து, கேபிளை அதோட லேன் ஓட்டையில குத்தியிருப்பாங்க. நேத்து வைக்கலாம், ஆறு மாசம் முன்னாடியே வெச்சிருக்கலாம்.

இத்தனை நாள் ஓடினது இப்போ ஏன் கெட்டுச்சு? பேக்கிங்ல சாதா ஸ்விட்ச். எல்எல்டிபி பாக்கெட் அடுத்த ஸ்விட்சோட நின்னுடணும்னே வடிவமைச்சது, அதனால அந்த 4 போனுக்கும் வீலேன் எண் அந்த வழியா போகாது. அதுக்குத்தானே ஆப்ஷன் 132 போட்டிருக்கீங்க. போன் முதல்ல டேக் இல்லாம வீலேன் 10-ல கேட்கும், உங்க சர்வர் பதிலோட 132-ஐ அனுப்பும், போன் 20-ன்னு தெரிஞ்சுக்கிட்டு டேக் போட்டுத் திரும்பக் கேட்கும். நேத்து சாயங்காலம் கரண்ட் வந்ததும் ரவுட்டர் ஒரு நிமிஷத்துக்குள்ள எழுந்திருக்கும், விண்டோஸ் சர்வர் எழுந்து சர்வீஸ் எல்லாம் ஓடத் தொடங்க சில நிமிஷம் ஆகும். போன் கேட்டப்போ வீட்டுல இருந்தது ரவுட்டர் மட்டும்தான். அதுக்கு 132-ன்னா என்னன்னே தெரியாது. போன் வீலேன் 20-க்குப் போகவே இல்ல, 192.168.0.1-ஐ கேட்வேன்னு நம்பிக்கிட்டு உட்கார்ந்திருக்கு.

பேக்கிங்ல இருக்கிற கம்ப்யூட்டரையும் பாருங்க, அதுலயும் சில பேருக்கு பில்லிங் சாஃப்ட்வேர் திறக்காது. அங்கேயே ஐபிகான்ஃபிக் /ஆல் அடிச்சு டிஹெச்சிபி சர்வர்னு எந்த முகவரி காட்டுதுன்னு பாருங்க. அதைப் பிங் பண்ணுங்க, ஏஆர்பி -ஏ அடிச்சு அதோட மேக் முகவரியை எழுதிக்குங்க. கோர் ஸ்விட்ச்ல மேக் டேபிள்ல தேடினா எந்த போர்ட் வழியா வருதுன்னு காட்டும். அங்கிருந்து கேபிளைப் பிடிச்சுக்கிட்டே போங்க, மேஜைக்கு அடியிலயோ அலமாரி மேலயோ கிடைக்கும்.

கிடைச்சதும் பிடுங்கி எறியாதீங்க, அடுத்த வாரம் இன்னொண்ணு வரும். ரவுட்டர்ல டிஹெச்சிபியை அணைங்க, அதோட லேன் முகவரியை வீலேன் 10-ல பூலுக்கு வெளிய ஒண்ணா மாத்துங்க, லேன் ஓட்டையிலேயே இருக்கட்டும். வெறும் வைஃபை பெட்டியா வேலை செய்யும். அணைக்கிறதை முதல்ல செய்யுங்க. முகவரியை முதல்ல மாத்தினா ரீபூட் ஆகி வந்ததும் உங்க 192.168.10 வரிசையிலேயே முகவரி கொடுக்கத் தொடங்கிடும், அப்புறம் எது அசல் எது போலின்னு கண்டுபிடிக்கிறது ரெண்டு மடங்கு வேலை.

ரவுட்டரைச் சரி பண்ணினதும் 4 போனையும் அடாப்டரைக் கழட்டி மாட்டுங்க. தானா மாறும்னு விட்டா லீஸ் முடியுற வரைக்கும் பழைய முகவரியையே பிடிச்சுக்கிட்டு இருக்கும்.

நிரந்தரமா தடுக்க டிஹெச்சிபி ஸ்னூப்பிங். வீலேன் 10, 20 ரெண்டுக்கும் போடுங்க. சர்வர் இருக்கிற போர்ட், ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் மேல போற அப்லிங்க், இவை மட்டும் டிரஸ்டட். மத்த போர்ட்லேர்ந்து ஆஃபர் (முகவரி தரேன்கிற பதில்) வந்தா ஸ்விட்சே தூக்கிப் போட்டுடும். ரெண்டு இடத்துல கால் வழுக்கும்: அப்லிங்கை டிரஸ்ட் பண்ணாம ஸ்னூப்பிங்கை ஆன் பண்ணினா அந்த மாடி முழுக்க ஐபி போயிடும். இன்னொண்ணு, சிஸ்கோ ஸ்விட்ச்னா ஸ்னூப்பிங் போட்டதும் ஆப்ஷன் 82-ஐ (எந்த போர்ட்லேர்ந்து வந்ததுங்கிற குறிப்பு) தானா சேர்க்கும். கோர்ல இருக்கிற சிஸ்கோ ரிலே (வீலேன் 20 கோரிக்கையை வீலேன் 10-ல இருக்கிற சர்வருக்குக் கடத்துறது) அந்த பாக்கெட்டை நம்பாம தூக்கிப் போடலாம். ஸ்னூப்பிங் இன்ஃபர்மேஷன் ஆப்ஷனை அணைச்சிட்டா தீரும். ஆபீஸ் மூடினதுக்கு அப்புறம் செய்யுங்க.

ஆனா சாதா ஸ்விட்சுக்கு உள்ளேயே ரவுட்டரும் போனும் பக்கத்துப் பக்கத்துல இருந்தா ஸ்னூப்பிங்குக்கு அந்தப் பேச்சு கேட்கவே கேட்காது. அதனால பேக்கிங்குக்கு ஒரு 8 போர்ட் மேனேஜ்டு பிஓஇ ஸ்விட்ச் வாங்கிடுங்க. எல்எல்டிபியும் வரும், அடாப்டரும் போகும். அதுவரைக்கும் போன் மெனுல நெட்வொர்க், வீலேன், வேன் (WAN) போர்ட்ல கையால 20 போட்டுடலாம், சாதா ஸ்விட்ச் பெரும்பாலும் டேக்கை அப்படியே கடத்திடும். இந்த போனை நாளைக்கு வேற இடத்துல மாட்டினா குழப்பும், அடியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைங்க.

சர்வர், கோர், ரெண்டு பிஓஇ ஸ்விட்ச், பிபிஎக்ஸ் எல்லாம் ஒரே யுபிஎஸ்ல இருக்கா? பிஓஇ ஸ்விட்சுக்குக் கணக்குப் போடுறப்போ போனை மறந்துடாதீங்க, கிளாஸ் 2 போன்னா ஒரு போர்ட்டுக்கு 7 வாட், 24 போர்ட்டுக்கு 168 வாட், அது போக ஸ்விட்சோட சொந்தச் செலவு. இன்வெர்ட்டர்ல ஓடுதுன்னா யுபிஎஸ் மோடுல வைங்க, இல்லேன்னா மாறுற அந்தக் கண்ணிமைப்புல ஸ்விட்ச் ரீபூட் ஆகும்.

---

பேட்ச்_பேனல்_ராணிப்பேட்டை | மாலை 6:30

ரெண்டு பேருக்கும் நன்றி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல இன் யூஸ் 51, அவைலபிள் 0. ஆடிட் லாக்ல 14 பக்கம் பக்கமா இருக்கு. கடைசி முகவரியை 200 ஆக்கினதும் 7 போனும் ரெண்டு நிமிஷத்துல வந்துடுச்சு, ரீபூட்கூடப் பண்ணல. கடைக்காரருக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேன்.

17, 18, 19-ல வாய்ஸ் வீலேன் வரியே இல்ல. சேர்த்துச் சேமிச்சாச்சு. பேக்கிங்ல ரவுட்டர் அட்டைப்பெட்டிக்குப் பின்னாடி இருந்துது, டிஹெச்சிபியை அணைச்சாச்சு, 4 போனும் வந்துடுச்சு. ஸ்னூப்பிங் சனிக்கிழமை.

ஒரு புதுத் தலைவலி. மாடி வாசல்ல இருக்கிற கைரேகை வருகைப் பதிவு மெஷின் சாயங்காலத்திலிருந்து சர்வருக்கு எதுவும் அனுப்பல. மெஷின்ல பார்த்தா 192.168.20.61, கையால போட்டது. ஏன் 60-ல நிறுத்தியிருந்தாங்கன்னு இப்பதான் புரியுது. லீஸ் பட்டியல்ல தேடித்தான் பார்த்தேன், அதுல இல்லாததால காலின்னு நினைச்சுட்டேன். 61-ஐ எக்ஸ்க்ளூஷன்ல (கொடுக்கக் கூடாத முகவரிப் பட்டியல்) போட்டேன், இன்னும் வரல.

---

பாலாறு_பாக்கெட் | மாலை 7:10

லீஸ் பட்டியல்ல சர்வர் கொடுத்தது மட்டும்தான் இருக்கும். கையால போட்டது அங்க தெரியாது, அதுக்குத்தான் பிங் அடிக்கச் சொன்னேன்.

எக்ஸ்க்ளூஷன் இனிமே கொடுக்கிறதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே கொடுத்ததைப் பிடுங்காது. ஒரு புதுப் போன் இப்பவும் 61-ல உட்கார்ந்திருக்கு. லீஸ் பட்டியல்ல 61-க்கு நேரா இருக்கிற மேக்கைப் பார்த்து எந்த மேஜைன்னு கண்டுபிடிங்க. எக்ஸ்க்ளூஷன் இருக்கட்டும், அந்த லீஸை அழிங்க, அந்த போனை ரீபூட் பண்ணுங்க. எழுந்ததும் பழைய 61-ஐத்தான் முதல்ல கேட்கும், சர்வர் இல்லேன்னு மறுத்துடும், போன் திரும்பவும் டிஸ்கவர்லேர்ந்து தொடங்கி வேற முகவரி வாங்கிக்கும்.

அதுக்கப்புறமும் மெஷின் வரலேன்னா கோர் ஸ்விட்சோட ஏஆர்பி டேபிளைப் (எந்த ஐபிக்கு எந்த மேக்னு குறிச்சு வைக்கிறது) பாருங்க. மெஷின் வீலேன் 20, சர்வர் வீலேன் 10, நடுவுல கோர் வழியாத்தான் போகணும். 61-க்கு நேரா அந்த போனோட மேக் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கலாம். சிஸ்கோன்னா அது தானா கழிய 4 மணி நேரம். 61-ஐ மட்டும் கிளியர் பண்ணுங்க, முழு டேபிளையும் வேண்டாம்.

அப்படியே ஐபிவி4 ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு டேப்ல கான்ஃப்ளிக்ட் டிடெக்ஷனை 0-லிருந்து 1 ஆக்குங்க. கொடுக்கிறதுக்கு முன்னாடி சர்வரே ஒரு பிங் அடிச்சுப் பாக்கும். ஒரு லீஸுக்கு ஒரு வினாடி கூடும், 46 போனுக்கு அது ஒண்ணுமில்ல. பிங்குக்குப் பதில் சொல்லாத மெஷினை அது பிடிக்காது, அதனால கையால போட்ட எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி, மொத்தத்தையும் எக்ஸ்க்ளூஷன்ல சேர்த்துடுங்க.

---

பேட்ச்_பேனல்_ராணிப்பேட்டை | மாலை 7:45

அக்கவுன்ட்ஸ் மேஜை போன். லீஸை அழிச்சு ரீபூட் பண்ணினேன், 192.168.20.68 எடுத்துக்கிச்சு. மெஷின் அப்பவும் வரல, கோர்ல 61-ஐ கிளியர் பண்ணினதும் வந்துடுச்சு. சாயங்காலத்திலிருந்து சேர்ந்த பதிவெல்லாம் மெஷின்லயே இருந்துது, மொத்தமா ஏறிடுச்சு. பிங் அடிச்சுப் பார்த்ததுல 192.168.20.150-ல கேமரா ரெக்கார்டர் ஒண்ணும் இருக்கு. அதையும் எக்ஸ்க்ளூஷன்ல போட்டாச்சு.